ஓட்டிப் பார்க்காத என்ஜினோடு வரும் பழைய ஃபைபர் படகு: வாங்கலாமா, விடலாமா?

"படகு நல்ல நிலையில் இருக்கிறது. என்ஜின் மட்டும் கொஞ்ச நாளாக ஓடவில்லை. நீங்கள் பார்த்துக்கொள்வதாக இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்."

தமிழ்நாட்டுக் கடற்கரையில் பழைய ஃபைபர் படகு தேடி அலைந்தவர்கள் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கட்டுமரங்கள் கிடந்த மணலில் கண்ணாடியிழைப் படகுகள் வந்து நிறைந்தன. அரசும் தொண்டு நிறுவனங்களும் அவசர அவசரமாகக் கொடுத்த படகுகளில் நன்றாகச் செய்தவையும் உண்டு, ஒப்புக்குச் செய்தவையும் உண்டு. அவற்றில் இன்றும் மிதப்பவை இருபது வயது தாண்டியவை. கை மாறி, நிறம் மாறி, என்ஜினும் மாறியிருக்கும். புதிய படகும் புதிய என்ஜினும் சேர்த்து வாங்கப் பணம் இல்லாதவருக்கு இப்படிப்பட்ட பழைய படகு பெரிய ஆசைதான்.

இந்த வழிகாட்டி இருபது முதல் முப்பது அடி வரையிலான ஃபைபர் படகுகளுக்கானது. பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு மோட்டார், நீளத் தண்டுடன் வரும் லாங்டெயில் டீசல், உள்ளே பொருத்திய சிறு டீசல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசலாம். பெரிய விசைப்படகு வாங்குவது வேறு கணக்கு. அது இங்கே இல்லை.

எல்லோரும் செய்யும் தவறு, முதலில் என்ஜினிடம் போவது. சந்தேகம் அங்கே இருப்பதால் கால் அங்கேதான் போகும். நான் சொல்லும் வரிசை தலைகீழானது: முதலில் காகிதம், அடுத்து படகின் உடல், கடைசியில் என்ஜின். ஓடாத என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டலாம். உளுத்த உடலை அப்படி மாற்ற முடியாது. பதிவு இல்லாத படகை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

படி 1: போவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு நேர்மையான பதில்கள் உண்டு. படகுக்காரர் இறந்துபோய், குடும்பத்தில் யாருக்கும் என்ஜின் விவரம் தெரியாமல் இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலமாக இருந்தால் கடலில் இறக்கிக் காட்ட முடியாது என்பது உண்மையாகவே இருக்கலாம். படகுக்காரர் பெரிய படகுக்கு மாறி, இதை ஆறு மாதமாக மணலில் போட்டிருக்கலாம்.

நேர்மையில்லாத பதில்களில் ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம்: "கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும், ஓடிவிடும்." கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு சொற்பம். ஓடும் என்ஜினோடு விற்றால் படகுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் தொகை பல ஆயிரம். அந்தச் சொற்பத்தைச் செலவழித்து அந்த ஆயிரங்களை வாங்கிக்கொள்ள அவருக்கு மட்டும் தெரியாதா? செய்து பார்த்திருப்பார், ஓடியிருக்காது. "பேட்டரி மட்டும்தான் இல்லை", "ஒரு பிளக் மாற்றினால் சரி" என்பனவும் இதே குடும்பம்.

அடுத்து மூன்று கேள்விகள்: கடைசியாக எப்போது ஓடியது, அப்போது ஓட்டியவர் யார், என்ஜின் எப்போதாவது கடலில் முழுகியதா. மூன்றாவது கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். அலை உடையும் கரையில் படகு இறக்கும் ஊர்களில் படகு கவிழ்வது நடப்பதுதான். கேட்பதில் குற்றம் சாட்டல் எதுவும் இல்லை. கடைசியாகச் சொல்ல வேண்டியது: "நான் மெக்கானிக்கோடு வருகிறேன், பிளக் கழற்றிப் பார்ப்போம், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்ப்போம், சம்மதமா?" சம்மதம் இல்லை என்றால் பெட்ரோல் செலவு மிச்சம்.

படி 2: காகிதம்

மீன்பிடிப் படகுக்கு மீன்வளத் துறையின் பதிவும், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இன்படி உரிமமும் வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகின் அணியத்தில் (முன்பகுதியில்) எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வண்ணத்தின் அடியில் வேறு எண் தெரிந்தால் நின்று விசாரியுங்கள். சான்றில் யார் பெயர் இருக்கிறது? விற்பவர் பெயர் இல்லை என்றால், இடையில் கை மாறியபோது பெயர் மாற்றம் நடக்கவில்லை என்று பொருள். அந்தப் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

விற்பனை வரி விலக்கு டீசல், மானிய மண்ணெண்ணெய், விபத்து இழப்பீடு ஆகிய எல்லாமே இந்தப் பதிவில்தான் தொங்குகின்றன. உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். வேறு மாவட்டப் படகு என்றாலும், நீங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அல்ல என்றாலும் இதைத் தவிர்க்கவே கூடாது.

தாளில் தெரியாத ஒன்று கடன். வங்கிக் கடனும் சங்கக் கடனும் கேட்டால் வெளியே வரும். ஏலக்காரரிடமும் மீன் வியாபாரியிடமும் வாங்கிய முன்பணம் வராது. பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டோடு பணம் வாங்குவது நம் கரையெங்கும் உள்ள வழக்கம். அந்தப் பாக்கி தீராமல் படகு கை மாறினால், ஒரு நாள் காலையில் அவர் உங்கள் படகின் முன் வந்து நிற்பார். இதற்கு ஊருக்குள் விசாரிப்பதுதான் வழி. ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக உள்ள சோழமண்டலக் கரை ஊர்களில் ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் முன்னிலையில் "இந்தப் படகின் மேல் யாருக்கும் பாக்கி இல்லை" என்று சொல்ல வைத்துவிட்டால், எந்த முத்திரைத்தாளையும்விட அது உறுதியானது.

என்ஜின் எண்ணையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அவுட்போர்டு மோட்டாரில் அந்த எண், படகோடு பிடித்திருக்கும் தாங்கியில் ஒரு தகட்டில் இருக்கும். தகடு பிடுங்கப்பட்டிருந்தாலோ, எண் சுரண்டப்பட்டிருந்தாலோ திரும்பிவிடுங்கள். கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடிய பொருள் அது. திருட்டு மோட்டார்களுக்குக் குறைவில்லை.

படி 3: படகின் உடல்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். படகு கரையில், வெயிலில், காலியாக இருக்க வேண்டும். வலையும் பெட்டியும் ஏற்றி வைத்திருந்தால் இறக்கச் சொல்லுங்கள்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். அண்மையில் வண்ணம் அடித்திருக்கிறதா? விற்பதற்காக அடித்த வண்ணம் எல்லாவற்றையும் மறைக்கும். பக்கவாட்டிலிருந்து கண்ணைத் தாழ்த்தி உடலின் நீளத்துக்கும் நோட்டம் விட்டால், ஒட்டுப் போட்ட இடங்களில் வெளிச்சம் வளைந்து தெரியும். ஒட்டுப் போட்டது குற்றமல்ல. ஃபைபரின் நல்ல குணமே அதுதான். உள்பக்கமும் கண்ணாடியிழைப் பாய் வைத்து ஒட்டியிருக்கிறார்களா, வெளியே மட்டும் பூசி மெழுகியிருக்கிறார்களா என்பதே கேள்வி.

அடுத்தது என்ஜின் தொங்கும் பின்பலகை. பழைய ஃபைபர் படகில் முதலில் சாவது இதுதான். சரிசெய்ய அதிகம் செலவாவதும் இதுதான். இருபுறமும் ஃபைபர் பூசி, நடுவே ஒட்டுப்பலகை வைத்துச் செய்திருப்பார்கள். போல்ட் துளை வழியாக உப்புத் தண்ணீர் நுழைந்தால் உள்ளே பலகை நொந்துபோகும்; வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். மூன்று சோதனைகள் உண்டு. ஸ்குரூடிரைவரின் பிடியால் பலகை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். திடமான இடத்தில் கணீரென்று ஒலிக்கும். நொந்த இடத்தில் ஒலி செத்துப்போகும். பிறகு மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். பின்பலகை அசைந்தாலோ, உடலோடு சேரும் மூலையில் விரிசல் வாய் திறந்தாலோ அது முடிந்த பலகை. கடைசியாக, விற்பவர் அனுமதித்தால், கீழ் வரிசைப் போல்ட் ஒன்றைக் கழற்றுங்கள். பழுப்புத் தண்ணீரோ ஈரமான மரத்தூளோ வந்தால் பின்பலகையைப் புதிதாகக் கட்டும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அடிப்பகுதி. மணலில் இழுத்து ஏற்றும் படகின் அடிக்கட்டை தேய்ந்தே தீரும். மேற்பூச்சு போயிருந்தால் பரவாயில்லை. நார் வெளியே தெரிந்து கையில் குத்தினால் தண்ணீர் உள்ளே ஊறத் தொடங்கிவிட்டது. படகைச் சாய்த்துவைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். அட்டை போல உள்ளே போய் வந்தால் ஃபைபர் மெலிந்துவிட்டது அல்லது உள்ளே தாங்கும் சட்டம் பிரிந்துவிட்டது. உள்பூச்சு அடிக்காத படகாக இருந்தால் வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள், மெல்லிய இடங்கள் வெளிச்சமாகத் தெரியும்.

மிதவை அறைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடிய அந்த அறைகளில் நிரப்பிய நுரைப்பொருள் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருக்கும். கவிழ்ந்தால் மிதக்க வைக்க வேண்டிய அறை, கவிழாத போதே படகை அழுத்தும். எத்தனை பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள் என்று ஊரில் கேளுங்கள். அதே அளவுள்ள பக்கத்துப் படகைவிட இரண்டு மூன்று பேர் அதிகம் தேவைப்பட்டால் விடை கிடைத்துவிட்டது. கடைசியாக, படகுக்குள் நான்கைந்து விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளே ஊற்றிய தண்ணீர் வெளியே கசியும் இடம், நாளை கடல் தண்ணீர் உள்ளே வரும் இடம்.

இந்தப் படியில் உடல் தேறவில்லை என்றால் என்ஜினைப் பார்க்க வேண்டாம். நன்றாகவே ஓடினாலும் வேண்டாம்.

படி 4: தொடங்காமலே என்ஜினைப் படிப்பது

கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்கு அன்றைய கூலியை நீங்கள் கொடுங்கள். விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. கொண்டுபோக வேண்டியவை: பிளக் கழற்றும் சாவி, புதிய ஸ்பார்க் பிளக்குகள், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளக்கும் கேஜ், டார்ச், காந்தம், துணி, எண்ணெய் கலந்த புதிய பெட்ரோல் ஒரு கேனில். படகின் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலைத் தொடாதீர்கள். அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும், நல்ல என்ஜினையும் கெட்ட என்ஜினாகக் காட்டும்.

அவுட்போர்டு மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றியதும் முழுகிய அடையாளத்தைத் தேடுங்கள். பறக்கும் சக்கரத்தின் (ஃப்ளைவீல்) அடியில் மணல், மின்கம்பி முனைகளில் பச்சை நிறப் பூப்பு, இழுகயிற்றுச் சுருளில் துரு ஆகியவை அந்த அடையாளங்கள். கடலில் முழுகிய என்ஜினை அன்றே நன்னீரில் கழுவி, எண்ணெய் விட்டு, ஓட்டி உலர்த்தியிருந்தால் பிழைத்திருக்கும். ஒரு வாரம் அப்படியே விட்டிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும். சிலிண்டர் தலையில் வண்ணம் கொப்பளித்திருந்தாலோ கருகியிருந்தாலோ தண்ணீர் ஓட்டம் அடைபட்டு என்ஜின் சூடேறியிருக்கிறது. எல்லாம் புதிதாக ஸ்பிரே அடித்திருந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். சுற்றவே இல்லை என்றால் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளக் துளையில் டீசலோ துருநீக்கி எண்ணெயோ விட்டு ஓரிரு நாள் ஊறவைத்தால் சில விடுபடும். விடுபட்டாலும் சிலிண்டர் சுவரில் துருத் தழும்பு இருக்கும். ஆகவே பிடித்துக்கொண்ட என்ஜினுக்குக் காயலான் கடை விலையோடு சில உதிரிபாகங்களின் விலை மட்டுமே கொடுக்கலாம். ஆள் பலம் காட்டி இழுக்காதீர்கள். உடைந்தால் பழி உங்கள் மேல் வரும்.

சுற்றினால் கம்ப்ரஷன் பாருங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, கம்பி முனைகளை என்ஜின் உலோகத்தோடு சேர்த்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து, ஐந்தாறு முறை இழுக்க வேண்டும். பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் பொதுவாக நிம்மதி கொள்ளலாம். மண்ணெண்ணெய் மோட்டார்கள் குறைந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை, அவற்றில் எண் குறைவாகவே வரும். அதனால் எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் ஒரு சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. இதில் ஒரு தந்திரம் உண்டு. நீங்கள் வருவதற்கு முன் பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டுவைத்தால், தேய்ந்த ரிங்கின் இடைவெளி அடைபட்டு எண் உயர்ந்து தெரியும். கழற்றிய பிளக் எண்ணெயில் குளித்திருந்தால், பிளக்கில்லாமல் பலமுறை இழுத்து வெளியேற்றிவிட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து கியர் பெட்டி எண்ணெய். இதை நான் கம்ப்ரஷனுக்குச் சமமாக வைப்பேன். கீழ்த் திருகைச் சற்றே தளர்த்திச் சில துளிகள் விரலில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரே வந்தால், உள்ளே பற்சக்கரங்கள் எவ்வளவு காலம் அதில் ஊறின என்பது யாருக்கும் தெரியாது. காந்தத்தில் ஒட்டும் மெல்லிய சாம்பல் பசை தேய்மானத்தால் வருவது, அது இயல்பு. செதில் செதிலாக உலோகம் வந்தால் இயல்பல்ல. மீன்பிடிப் படகில் சீல் போவதற்கு முக்கியக் காரணம் தங்கூசி. புரொப்பெல்லரின் பின்னால் சுற்றிக்கொண்ட நைலான் இழை சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். புரொப்பெல்லரைக் கழற்றி அங்கே இழை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கையால் சுற்றிப் பார்க்கும்போது தண்டு கோணலாக ஆடினால் அது எங்கேயோ அடி வாங்கியிருக்கிறது.

டீசலுக்கு வேறு வரிசை. அளவுகோலை உருவி எண்ணெயைப் பாருங்கள்: வெளுத்திருந்தால் தண்ணீர், அளவுக்கு மேல் நீர்த்துப்போய் இருந்தால் டீசல் கலந்திருக்கிறது. கம்ப்ரஷன் விடுவிக்கும் நெம்புகோல் உள்ள சிறு டீசலில், அதைத் தூக்கிவைத்துக் கைப்பிடியால் சுற்றினால் இலகுவாகச் சுற்ற வேண்டும்; கீழே விட்டதும் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். அந்த எதிர்ப்பு வலுவாக இருந்தால் என்ஜினுக்கு உயிர் இருக்கிறது. காற்றால் குளிரும் என்ஜினில் செதில்களுக்கிடையே உப்பும் எண்ணெய் அழுக்கும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். லாங்டெயிலில் நீளத் தண்டு வளையாமல் இருக்கிறதா, அதன் புஷ் தேய்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நுனியைப் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். உள்ளே பொருத்திய டீசலில் தண்டு உடலை விட்டு வெளியேறும் இடத்தில் உப்பு படிந்து பச்சை பூத்திருந்தால் நாட்பட்ட கசிவு இருக்கிறது.

படி 5: கரையிலேயே ஓட்டிப் பார்ப்பது

கடலில் இறக்கினால்தான் என்ஜினைச் சோதிக்க முடியும் என்பது பாதி உண்மை. ஒரு டிரம் தண்ணீர் போதும். தண்ணீர் மட்டம் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டைத் தாண்டி நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் "ஒரு நொடி மட்டும்" ஓட்டிக் காட்டுகிறேன் என்பவரைத் தடுத்துவிடுங்கள். என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் வறண்டு சுழன்றால் சில நொடிகளிலேயே கெட்டுவிடும்.

தொடங்கும் முன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் தொடங்குவதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில்தான் தொடங்க வேண்டும், சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி அதிலும் சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு வர வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் தண்ணீர் பீய்ச்சும் சிறுதுளையைப் பாருங்கள். சிறிது நேரத்தில் தாரை வர வேண்டும். வரவில்லை என்றால் நிறுத்துங்கள். துளையில் கம்பி விட்டுக் குத்தியதும் வந்தால் வெறும் அடைப்பு. அதற்கும் வரவில்லை என்றால் இம்பெல்லர் போயிருக்கலாம், அது மலிவான வேலை. உப்பு உறைந்து உள்வழிகள் மூடியிருந்தால் மலிவான வேலை அல்ல. பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவான வேகத்தில் ஓடட்டும். முன்னும் பின்னும் கியர் விழுகிறதா, நிறுத்தும் பொத்தான் நிறுத்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். டிரம்மில் வைத்து முழு வேகத்துக்கு முறுக்க வேண்டாம்.

டீசலில் புகை பேசும். தொடங்கும்போது கொஞ்சம் வெள்ளை வந்து மறைந்தால் கவலை இல்லை. சூடேறிய பின்னும் வெள்ளை நின்றால் டீசல் எரியாமல் போகிறது அல்லது தண்ணீர் நுழைகிறது. தொடர்ந்து நீலம் வந்தால் எண்ணெய் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கும். சுமை கொடுக்கும்போது கறுப்பு வந்தால் காற்று போதவில்லை அல்லது இன்ஜெக்டர் கெட்டிருக்கிறது. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே காட்டுங்கள். புஸ் புஸ்ஸென்று சூடான காற்று அடித்தால் உள்ளே கசிவு அதிகம்.

டிரம்மில் ஓடிவிட்டது என்பதால் கடலிலும் இழுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சுமை ஏறினால்தான் சூடேற்றமும், கியர் நழுவலும், புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குவதும் வெளிப்படும். ஆனால் "எதுவும் தெரியாது" என்ற நிலையிலிருந்து "பெரும்பாலும் தேறும்" என்ற நிலைக்கு வந்துவிட்டீர்கள். விலை பேச இது போதும்.

படி 6: விலைக் கணக்கு

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானமல்ல. விற்பவர் "பாதி விலை" என்றால் எதில் பாதி? புதிய படகின் விலையில் பாதியா, அதே வயதுள்ள ஓடும் படகின் விலையில் பாதியா? கணக்கு இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அதே வயது, அதே நீளம் உள்ள, ஓடும் என்ஜினோடு கூடிய படகு 2,00,000 ரூபாய். நம்பகமான பழைய என்ஜின் தனியாக வாங்கினால் 80,000. உடலில் பார்த்த வேலைகளுக்கு 15,000. பெயர் மாற்றம், வண்டி வாடகை முதலியவற்றுக்கு 5,000. ஓடாத என்ஜினைப் பிரித்து உதிரியாக விற்றால் கிடைப்பது 10,000. ஆக, 2,00,000-லிருந்து 80,000, 15,000, 5,000 ஆகியவற்றைக் கழித்து 10,000-ஐக் கூட்டினால் 1,10,000. என்ஜின் செத்துவிட்டது என்று வைத்துப் போட்ட விலை இது. இந்த விலைக்குக் கிடைத்தால் என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை.

விற்பவர் 1,50,000 கேட்கிறார். மேலே உள்ள 40,000 முழுவதும் என்ஜின் மீது வைக்கும் பந்தயம். விற்பவர் சோதிக்க விடவில்லை என்றால் அந்தப் பந்தயத்துக்கு ஒரு ரூபாய்கூட வைக்காதீர்கள். கம்ப்ரஷன் சமமாக, கியர் எண்ணெய் தெளிவாக, டிரம்மில் சீராக ஓடியிருந்தால் அதில் பாதி வரை ஏறலாம். சுற்றுகிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது, ஆனால் தொடங்கவில்லை என்ற நடுநிலைதான் சங்கடமானது. பிளக்கில் நீலப் பொறி வந்தால் கோளாறு எரிபொருள் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம், கொஞ்சம் ஏறலாம். பொறி வரவில்லை என்றால், அந்த மாடலுக்கு மின்பாகம் கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, குளச்சல் போன்ற துறைமுக ஊர்க் கடைக்காரர் "அது இப்போது வருவதில்லை" என்று சொன்னால், ஓடும் நிலையில் இருந்தாலும் அந்த என்ஜினின் விலை இறங்கிவிடும்.

உங்களிடம் ஏற்கெனவே நல்ல மோட்டார் இருந்தால் இந்தக் கணக்கே வேறு. அப்போது நீங்கள் வாங்குவது வெறும் உடலைத்தான். என்ஜினை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி விலையைக் குறைத்துப் பாருங்கள். என்ஜினைப் பற்றி அவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது அந்தக் கணத்தில் வெளிவரும். "சரி, என்ஜினை எடுத்துக்கொள்கிறேன், பத்தாயிரம் மட்டும் குறைக்கிறேன்" என்றால் அதன் மதிப்பு அவருக்கே பத்தாயிரம்தான்.

மாறாக, அடுத்த வாரமே கடலுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர் இந்த வகைப் படகை வாங்கவே கூடாது. விலை எவ்வளவு இறங்கினாலும் கூடாது. பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போகும். அதிலும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும். நல்ல மெக்கானிக்குகள் அங்கே இருப்பார்கள்.

படி 7: பணம் கொடுக்கும் முறை

முழுத்தொகையை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முன்பணம் ஒரு பங்கு, கடலில் ஓட்டிப் பார்த்த பின் ஒரு பங்கு, பெயர் மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட பின் மீதி என்று பிரியுங்கள். படகின் பதிவு எண், என்ஜின் எண், கொடுத்த தொகை, கடலில் என்ஜின் இழுக்காவிட்டால் விலை எவ்வளவாகும் என்பது ஆகிய நான்கையும் எழுதி, இரு சாட்சிகளோடு வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதை எழுத விற்பவர் மறுத்தால் கடல் சோதனை வரை பொறுக்க வேண்டியதில்லை. செத்த என்ஜின் விலைக்கு மேல் ஒரு பைசா கூடக் கொடுக்காமல் பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

படி 8: முதல் ஓட்டம்

கடலில் இறக்கும் முன் கியர் எண்ணெய், இம்பெல்லர், பிளக்குகள், எரிபொருள் குழாய் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். டிரம்மில் நன்றாக ஓடியிருந்தாலும் மாற்றுங்கள். காற்று குறைந்த காலை நேரமாகப் பார்த்து, துணைக்கு இன்னொரு படகோடு, துடுப்பு, நங்கூரம், உயிர்காப்பு உடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கரை தெரியும் தூரத்திலேயே ஓட்டுங்கள். விற்பவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏறத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம் பாதி வேகம். பிறகு முக்கால். பிறகு சில நிமிடம் முழு வேகம். வேகத்தைக் கூட்டும்போது என்ஜின் இரைச்சல் ஏறியும் படகு ஏறவில்லை என்றால் புரொப்பெல்லர் ரப்பரோ கியரோ வழுக்குகிறது. தண்ணீர்த் தாரை மெலிந்தாலோ ஆவியாக வந்தாலோ உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பின் நிறுத்திவிட்டு, சூடாக இருக்கும்போதே திரும்பத் தொடங்கிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் உடனே பற்றி, சூட்டில் பற்ற மறுக்கும் என்ஜின்கள் உண்டு. கரைக்கு வந்ததும் படகின் அடித்தளத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், பின்பலகையின் மூலைகளை மீண்டும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், மோட்டாரை நன்னீரில் ஓட்டிக் கழுவுங்கள். இதெல்லாம் முடிந்த பின் இரண்டாவது பங்குப் பணத்தைக் கொடுக்கலாம்.